சுவரில் பதித்தது

முன்கட்டுச் சமையலறையில் உளி விழும் சத்தம் கேட்டதும், கலைப்பிரியா தேய்த்துக்கொண்டிருந்த குக்கரை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடிப் பார்த்தாள். வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றிருந்தது.

"பாத்தீங்களா, பாத்திரம் கழுவுற மெஷினைப் பேத்துக்கினு இருக்காங்க உங்க அண்ணி. விக்கப் போறாங்க போல."

கணவன் கோகுலகிருஷ்ணன் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே, "அது அவங்க பாகத்துது. வித்தா நமக்கென்ன?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அவனுடைய அப்பா குவைத்தில் இருந்தபோது, வேலை பார்த்த வீட்டில் கொடுத்த பழைய காலத்து மெஷின் அது. அதைத் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து, சமையல் மேடைக்கு அடியில் சுவரோடு சேர்த்துப் பதித்திருந்தார். அவர் காலமான பிறகு வீடு இரண்டானபோது, சமையலறையோடு முன்கட்டு அண்ணன் ஜெகதீசனுக்குப் போனது. தம்பிக்குப் பின்கட்டு.

பாகம் பிரிக்க மயிலத்திலிருந்து வந்த விருத்தாசலம் மாமா, முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "ஏணி, அண்டா மாதிரி நவுத்துற சாமான் ரெண்டு பேருக்கும் பொது. சுவத்துல பதிச்சது, சுவரு யாருக்கோ அவங்களுக்கு. அலமாரி, மெஷினு, தண்ணி மோட்டாரு எல்லாம் பெரியவனுக்கு. இதுக்கு மேல பேச்சு கூடாது."

கலைப்பிரியா மட்டும் ஆத்திரம் தாங்காமல், "இனிமே உங்க சமையக்கட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்க்கா" என்று ஓரகத்தி இளவரசியிடம் சொல்லிவிட்டாள்.

சொன்னதற்கு இப்போது விரல்கள் அனுபவித்தன. பாத்திரம் தேய்க்கிற சோப்பு பட்டாலே அவளுக்குத் தோல் வெடித்து ரத்தம் கசியும். கைக்குழந்தையைத் தூக்கினால் அதன் சட்டையில் சிவப்பாக ஒட்டியது. ஆனாலும் போய்க் கேட்க மனம் வரவில்லை.

துணி உலர்த்துகிற சாக்கில் நடைக்கு வந்து நின்றாள். உள்ளே, விழுப்புரத்திலிருந்து வந்த மெக்கானிக் சகாயராஜின் குரல் கேட்டது.

"சுவத்துக்குள்ள நிக்கவேண்டிய மெஷினும்மா இது. வெளிய வெச்சா, கதவைத் தொறந்ததும் முன்னால கவுந்துக்கும்."

"பின்பக்கம் அடியில கடப்பாக்கல்லு வெச்சுக் கட்டிடுங்க. கனமா இருக்கட்டும்," என்றாள் இளவரசி. "சுத்தி பிளைவுட்டு அடிச்சிடுங்க. சக்கரம் மட்டும் பெருசா போடுங்க. வாசப்படி ஏறி எறங்கணும்."

"அதெல்லாம் ஜல்தியா முடிச்சிடலாம்."

வாசப்படி இறங்கினால் ஆட்டோதான் என்று கலைப்பிரியாவுக்குப் பட்டது.

உள்ளே போய்த் துணி மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். தூங்குகிற குழந்தையைத் தேவையில்லாமல் ஒருதரம் தட்டிக்கொடுத்தாள். மாமனார் கொண்டுவந்த பொருள், ஒரு வார்த்தை சொல்லாமல் விற்கிறார்களே என்று மனம் அடித்துக்கொண்டது. 'முருகா, போறது போவட்டும். என் வாயில கெட்ட வார்த்தை வராம மட்டும் பாத்துக்க' என்று படத்தைப் பார்த்து முணுமுணுத்தாள்.

ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. பொறுக்க முடியாமல் மறுபடி ஓடினாள்.

தெருமுனையில் திரும்பிய ஆட்டோவில் உடைந்த செங்கல்லும் பழைய குழாயும்தான் இருந்தன.

அவளுக்குப் பின்னால் நடையில் கடகடவென்று சத்தம். இளவரசி வியர்க்க விறுவிறுக்க மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தோளில் டியூப் சுற்றியிருந்தது. பின்கட்டு வாசலில் நிறுத்தி, முன்சக்கரத்தை நெம்பித் தூக்கி வாசப்படியில் ஏற்றினாள்.

"ஒரு கை குடேன், மரமாட்டம் நிக்கிற."

கலைப்பிரியா கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். "அக்கா, இது உங்க பாகத்துப் பொருளு. எங்களுக்குத் தானமா எதுவும் வேணாம்."

"ரோஷத்துக்கு ஒண்ணும் கொறைச்சலில்ல." இளவரசி அந்தக் கைகளைப் பார்க்காதவள் போல உள்ளே வந்து, டியூபைக் குழாயில் மாட்டித் திருகினாள். நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நவுத்துற சாமான் ரெண்டு பேருக்கும் பொதுன்னு மாமா சொன்னாருல்ல?"