நான்காம் இயல்

வாசலில் இருந்த கைரேகைக் கருவி மூன்றாவது தடவையாகச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

நலியாகா மண்டாசிப் பலகார டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கட்டைவிரலைப் பாவாடையில் துடைத்தாள். மறுபடியும் வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"என்ன தங்கச்சி, இன்னைக்குமா? ரெண்டு வருஷமா இந்தக் கதவோட மல்லுக்கட்டுற. அதுக்கு உன்னைப் பிடிக்கலன்னு விட்டுத் தொலையேன்," என்று சொல்லிக்கொண்டே காவலாளி சிமியு தன் விரலை வைத்துத் திறந்துவிட்டார்.

"இருங்கண்ணே, இன்னைக்கு ஜெயிச்சுட்டு வந்து பேசிக்கிறேன்."

பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறைக்கு இந்தக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தது நைவாஷா ஏரிக்கரையில் ரோஜா வளர்த்து விற்கும் ஒரு கம்பெனி. கதவும் அவர்கள் கொடுத்ததுதான். நலியாகாவின் ஆய்வேடும் அதே கம்பெனியைப் பற்றியது. இந்த வம்பு அவளாக இழுத்துக்கொண்டது.

உள்ளே அவளுடைய வாய்மொழித் தேர்வுக்காகத் துறைத்தலைவர் முகேரா காத்திருந்தார். பக்கத்தில் கம்பாலாவிலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளர், பேராசிரியர் கியோமுகெண்டோ அம்மையார். தேர்வுக்கு வருகிறவளே தேர்வாளர்களுக்குத் தீனியும் போட வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். நலியாகா மண்டாசியை நடுவில் வைத்துத் தேநீரை ஊற்றினாள்.

முகேரா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். முதல் மூன்று இயல்கள் பிரமாதம் என்றார். ஏரித் தண்ணீர், சூரிய மின்சாரம், கம்பெனி வருடாவருடம் வெளியிடும் பசுமை அறிக்கை, எல்லாம் அட்டவணையோடு இருந்தன.

நான்காம் இயலில் மனிதர்கள் இருந்தார்கள். அங்கேதான் அவருக்குத் தொண்டையில் சிக்கியது.

ஒரு கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் பேட்டி எடுத்த பதினொரு தொழிலாளிகளும் தாங்கள் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்களாம். அடியில் பதினொரு கைநாட்டு. நான்காம் இயலை நீக்கச் சம்மதம் என்று இன்னொரு தாளில் அவள் கையெழுத்துப் போட்டால் பட்டம் இன்றே உறுதி. இல்லாவிட்டால் ஒழுங்கு விசாரணை. இரண்டு வருட உழைப்பும் போய்விடும்.

பேட்டிக்குச் சம்மதித்து அந்தத் தொழிலாளிகள் கைநாட்டு வைத்ததாக அவள் கொடுத்திருந்த ஒப்புதல் படிவங்களையும் கோப்பிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பரப்பினார்.

"இதப் பாரும்மா, நீ கொண்டு வந்தது. எல்லாம் வெறும் மைக்கறை. நீயே ராத்திரி உக்காந்து அப்பினியோ என்னவோ. கம்பெனி அனுப்பினதையும் பாரு. ஒவ்வொரு ரேகையையும் எண்ணிடலாம்."

நலியாகா தேநீர்க் குடுவையைக் கீழே வைத்தாள். கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். அந்தப் பெண்களின் வேலை போய்விடக் கூடாது என்றுதான் பெயரே கேட்காமல் விரலை மட்டும் வாங்கியிருந்தாள். பதினொரு பேர் யார் யார் என்று கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது?

பதினொரு ரேகைகளும் சுழித்துச் சுழித்து அவ்வளவு அழகாக இருந்தன.

அப்போது அவளுக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"சார், நான்காம் இயலைப் படிச்சீங்களா?"

"புரட்டிப் பாத்தேன்."

"நான் படிச்சேன்," என்றார் கம்பாலா அம்மையார். அவர் இன்னும் மண்டாசியைத் தொடவில்லை.

"படிச்சிருந்தா இந்தக் கடிதத்தைக் கொண்டு வந்திருக்க மாட்டீங்க சார். ரோஜா தரம் பிரிக்கிற பொம்பளைங்களுக்கு விரல்ல ரேகை கிடையாது. முள்ளும் மருந்துத் தண்ணியும் வருஷக்கணக்கா தேச்சு எடுத்துடும். வருகைக் கருவிக்கு அவங்க விரல் தெரியல. பொழுதெல்லாம் நின்னு வேலை செஞ்ச நாளுக்கும் 'வரவில்லை'ன்னே பதிவாகுது. அந்த இயல் முழுக்க அதுதான். இந்தக் கடிதத்துல இருக்கிறது ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்க விரல்."

முகேராவின் முகம் கறுத்தது.

"வாயாலதான் சொல்ற. உன் தொழிலாளி ஒருத்தியாவது இங்க வந்து என் முன்னால நிக்கட்டும், நம்புறேன்."

எவளும் வரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். நலியாகாவுக்கும் தெரியும்.

அவள் இரண்டு வருடமாக இந்தக் கட்டடத்தில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. சொன்னால் ஆராய்ச்சி இல்லை, சொந்தப் பகை என்பார்கள். ஆய்வேட்டையே தூக்கி எறிவார்கள். எறியட்டும் என்று இருந்தது.

முகேராவின் முத்திரைக்கட்டைக்குப் பக்கத்தில் மைப்பெட்டி திறந்தே கிடந்தது. அதை இழுத்துக் கட்டைவிரலை அழுத்தினாள். அவர் கையெழுத்துக் கேட்ட இடத்தில் அதே விரலை ஊன்றி எடுத்தாள்.

முட்டை வடிவில் ஒரு கறுப்பு. ஒரு கோடு கூட இல்லை.

கம்பாலா அம்மையார் அந்தத் தாளை எடுத்து, மேசையில் கிடந்த பதினொரு மைக்கறைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வந்து நிக்கிறேன் சார். ஆறு வருஷம் அங்கதான் தரம் பிரிச்சேன்," என்றாள் நலியாகா. "வேணும்னா 'வரவில்லை'ன்னு எழுதிக்கோங்க."