நடுவில் ஒரு நாற்காலி

தம்பி அருண்ராஜ் தூங்குவதில்லை, குளிப்பதில்லை, யாருமில்லாத பக்கம் திரும்பிப் பேசுகிறான். எல்லாம் மனச்சிதைவின் அறிகுறிகள் என்று டாக்டர் போன முறையே ஜோசபினிடம் சொல்லிவிட்டார். அவன் பார்க்கும் ஆள் அவனுக்கு மட்டும்தான் தெரிவார் என்றும் சொன்னார். அந்த வார்த்தையைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இன்று ஔந்த் பகுதியிலிருக்கும் அந்த மனநலக் கிளினிக்கில் நல்ல கூட்டம். அருண்ராஜ், பஸ்ஸில் இடம் போடுவதுபோல, தனக்கும் ஜோசபினுக்கும் நடுவிலிருந்த நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டான்.

"எடுடா, ஆளுங்க நிக்கிறாங்க."

"அவரு வரணும்க்கா."

சற்று நேரத்தில் அவனே கைக்குட்டையை எடுத்து மடித்தான். "வந்துட்டாரு."

ஒரு மராத்திப் பெண் தன் மகளை டாக்டரிடம் காட்ட அழைத்து வந்தாள். உள்ளே நுழைந்த மகள் நேராகக் காலி நாற்காலிக்கு முன் வந்து நின்றாள். சன்னிதியில் நிற்பவளின் முகம். குனிந்து, பாதங்கள் இருக்க வேண்டிய இடத்தில் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தாய் பதறி அவளை இழுத்துக்கொண்டு ஜோசபினிடம் மன்னிப்புக் கேட்டாள்.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த ஒரு வாலிபனும் அதே இடத்தில் குனிந்து தொட்டுவிட்டுப் போனான்.

நர்ஸ் அருண்ராஜைக் கூப்பிட்டாள். அவன் எழுந்து, பக்கத்திலிருப்பவருக்காகக் காத்து நின்றான்.

அவர் தாண்டிப் போவதற்கு ஜோசபின் முழங்கால்களை ஒடுக்கி வழிவிட்டாள்.