கடலோர மேடு

இருவர் மிதிக்கும் சைக்கிள் கடலோர மேட்டில் மெல்ல ஏறியது. முன்னால் கணவர். பின் இருக்கையில், வெகுநாள் படுக்கையில் கிடந்து இப்போதுதான் தேறியிருந்த மனைவி.

"என்னால முடியுமாங்க?"

"நீ பேசாம உக்காந்து வா. நான் இருக்கேன்ல?"

அவள் கண்களை மூடிக்கொண்டாள். ஈரப் புல்வாசனை முகத்தைத் தடவிப் போனது. கீழே கடல் தூங்குகிறவர் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சைக்கிள் காற்றில் மிதப்பதாகவே தோன்றியது. பாதி மேட்டில் மட்டும் அவர் முனகுவது கேட்டது. 'பாவம், எனக்காக மூச்சு வாங்குறாரு' என்று நினைத்து, தன்னால் ஆன மட்டும் அவளும் மிதித்தாள்.

உச்சியில் சைக்கிள் நின்றது. கண்ணைத் திறந்தால் எங்கும் நீலம்.

"என்னைச் சுமந்துக்கிட்டு இவ்வளவு தூரம் ஏறிட்டீங்களே!"

அவர் நொண்டிக்கொண்டே இறங்கினார்.

"யாரு சுமந்தது? பாதியிலேயே எனக்குக் கால் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் நான் மிதிக்கவே இல்லை. பெடல்தான் என் காலைச் சுத்தி விட்டுச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ பயந்து நிறுத்திடுவியே!"

அவள் தன் கால்களையே அதிசயமாகப் பார்த்தாள். பிறகு அவரைப் புல்லில் உட்காரவைத்து, அவர் காலை மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிடத் தொடங்கினாள்.