வாசல் மட்டும்தானா?

வேப்பமரத்தில் ஓர் அணில் குடியிருந்தாள். தேங்காய் நார் எடுக்கப் போவாள், வழியில் எறும்பு ஊர்வதைப் பார்த்து நின்றுவிடுவாள், வெறுங்கையோடு திரும்புவாள். எப்படியோ கூடு கட்டி முடித்தாள்.

பக்கத்துக் கிளையிலிருந்த மரங்கொத்தி எட்டிப் பார்த்தாள். "வாசல் கொஞ்சம் அகலமா இருக்கே."

 'நீ ஒன்றுக்கும் லாயக்கில்லை' என்றுதான் அணிலின் காதில் விழுந்தது. கூட்டைப் பிய்த்துக் கீழே போட்டாள். அடுத்த கூட்டைப் பார்த்தும் மரங்கொத்தி அதையே சொன்னாள். அதுவும் கீழே போனது.

மறுபடி கட்டியபோது அணில் நிறைமாதம். இன்றோ நாளையோ பிரசவம். மரங்கொத்தி எட்டிப் பார்த்தாள். "வாசல்..."

அணிலின் நகம் அதற்குள் நாரைப் பற்றியிருந்தது. இழுத்தால் எல்லாம் போய்விடும். நகத்தை விடுவித்துக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அக்கா, வாசல் மட்டும்தானா? இல்ல, நானே சரியில்லையா?"

"உன்னைப் பத்தி நான் எப்ப பேசினேன்? சாரல் அடிச்சா குட்டிங்க நனையுமேன்னு சொன்னேன்."

அணில் வாசலில் கொஞ்சம் நாரை அடைத்தாள். அன்று மாலை மழை வந்தது, குட்டிகளும் பிறந்தன. ஒன்றும் நனையவில்லை.

மறுநாள் காலை மரங்கொத்தி இவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தாள்.  அணில் வாசலுக்கு வந்து கத்தினாள்.

"அக்கா, என் மேல கோபமா?"

"பசி" என்றாள் மரங்கொத்தி.