மீண்டும் முயற்சிக்கவும்

"பேமெண்ட் நிறுத்தப்பட்டது. மீண்டும் முயற்சிக்கவும்."

சாப்பாட்டு இடைவேளை முழுக்க அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அப்பாவுக்குச் சக்கர நாற்காலி, பாதி விலை. ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று அந்த இணையக் கடை வேறு அவசரப்படுத்தியது.

"என் காசை நான் செலவு பண்ண எவன்கிட்டடா அனுமதி வாங்கணும்?" என்று பல்லைக் கடித்தார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"சார், பேங்க்ல இருந்து..." என்றது ஒரு பெண்குரல்.

"வந்துட்டியா! அடுத்து ஓடிபி கேப்பியே? திருட்டுக் கும்பல்!"

துண்டித்துவிட்டு மறுபடி பணம் கட்டிப் பார்த்தார். மறுபடி நின்றது. மறுபடி அதே குரல், அதே வசவு. மூன்றாம் முறை அவள் வாயைத் திறக்கவே விடவில்லை.

இடைவேளை முடிந்தது. எரிச்சலோடு இருக்கைக்குத் திரும்பி ஹெட்போனை மாட்டப் போனார். பக்கத்து இருக்கையில், இந்த வாரம் வேலைக்குச் சேர்ந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒரு கஸ்டமர், சார். கார்டுல வழக்கமில்லாத பேமெண்ட்னு நின்னிருக்கு. 'நீங்கதான் பண்றீங்களா'ன்னு கேட்டு, ஆமான்னா விட்டுடலாம். கேக்கவே விடாம திருடின்னு திட்டறாரு."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேங்க்கின் இந்தப் பிரிவுக்கு வந்த நாளிலிருந்து அவர் வாங்காத திட்டா?

"நல்லது செய்யப் போனா நாமதான் திருடங்க! விடாதே. இன்னொரு தடவை போடு."

அவள் போட்டாள்.

அவருடைய சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.