மேற்குப் பக்கத்துச் சைடிங்

டக், டக், டக்.

கொளுவியில் தொங்கிய கறுப்பு ஜாக்கெற்றை எடுத்துக்கொண்டு இரத்தினவேலர் எழும்புவதற்கும், அவர் மனைவி குணவதி குசினியிலிருந்து ஓடி வருவதற்கும் சரியாக இருந்தது. கதவைத் திறந்ததும் ஸ்காபரோக் குளிர் முகத்தில் அறைந்தது.

வாசலில் ஒருவரும் இல்லை. குணவதி வீதியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

காற்றடிக்கும் நாளெல்லாம் இதே கதைதான். தொண்ணூற்று நாலில், கனடாவுக்குக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சியோடு கொழும்பிலிருந்து வெளிக்கிட்ட மகன் கிருபன், மொஸ்கோவிலிருந்து ஒரு தடவை ரெலிபோன் எடுத்தான். பிறகு மூன்று வருஷமாகப் பேச்சுமில்லை, மூச்சுமில்லை.

ஏஜென்சியில் வருகிறவர்கள் சொல்லிக்கொண்டா வருகிறார்கள்? எத்தனை பிள்ளைகள் திடீரென்று வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள்! பெற்ற மனம் பித்து என்பார்கள். தட்டும் சத்தம் கேட்டால் அந்த மனம் சும்மா கிடக்குமா? மனைவியை நினைத்து இரத்தினவேலர் உருகினார்.

சனிக்கிழமை, வீடு திருத்தும் சூசைதாசனைக் கூட்டிவந்தார். அவன் மேற்குச் சுவரை வெளியே மூடியிருந்த சைடிங்கை விரலால் தூக்கிப் பார்த்தான்.

"அண்ணை, உது மாத்திற காலம் எப்பவோ வந்திட்டுது. வெடிச்சு, ஆணியும் கழண்டு நிக்குது. உள்ளுக்கை ஈரமும் இறங்கியிட்டுது. காத்தடிச்சா உதுதான் டக் டக்கெண்டு அடிக்கும்."

"எனக்கெண்டால் விளங்கும் தம்பி. அவள் ஒவ்வொரு தட்டுக்கும் எல்லே ஓடுறாள். என்னாலை பாக்க ஏலாமல் கிடக்கு. கெதியா மாத்திவிடும்."

அன்று பொழுதுபடுவதற்குள் மேற்குப் பக்கம் புதிதாகிவிட்டது.

அடுத்த கிழமை பெருங்காற்று அடித்தது. வீடு மூச்சுக் காட்டவில்லை. குணவதி குசினியில் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

இரத்தினவேலர் சோபாவில் இருந்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியிருந்தது. நல்லதைத்தானே செய்தோம், பிறகேன் நெஞ்சு இப்படிக் கிடந்து அடிக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

"இனி நீர் ஓடத் தேவையில்லை, குணம். இவ்வளவு காலமும் தட்டினது சைடிங்தான்."

"அது எனக்கு முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்த் திறந்தனீர்?"

குணவதி அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள். கொளுவியிலிருந்த ஜாக்கெற்றை எடுத்து மடியில் வைத்து, அதில் இன்னும் கழற்றாமல் தொங்கிய விலைத்துண்டைத் தடவினாள். கண் நிறைந்து வழிந்தது.

"பிள்ளைக்கு வாங்கின ஜாக்கெற்றோடை நீங்கள் எழும்பி நிக்கேக்கை, நான் எப்பிடியப்பா திறக்காமல் இருக்கிறது?"