பதினேழு பேருக்குச் சாம்பல்

“நெத்திய நல்லாத் தேச்சுக் கழுவுங்க! சிமென்ட்டு மேல பூசுனா ஒட்டாது!”

கேன்டீன் பின்புறக் குழாயடியில் லூர்துராஜ் போட்ட சத்தத்தில் வரிசை தானாக நேரானது. ஆலையின் எடைமேடையில் சுண்ணாம்புக்கல், ஜிப்சம், சிமென்ட்டில் கலக்கும் நெய்வேலிச் சாம்பல் என்று ஏற்றி வரும் லாரிக்காரர்களை இருபது வருடமாக விரட்டிப் பழகிய குரல். மனிதர்களிடம் பேசும்போதும் அதைக் குறைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது.

அரியலூர்ப் பக்கத்தில் இருந்த அந்தச் சிமென்ட் ஆலையில் அவரோடு சேர்த்துக் கத்தோலிக்கர்கள் பதினேழு பேர். ஏலாக்குறிச்சிக்காரர்கள் ஒரு மேசையில் சாப்பிடுவார்கள், வரதராஜன்பேட்டைக்காரர்கள் வேறு மேசையில். என்றைக்கோ ஒரு திருவிழாவில் யார் சப்பரம் முன்னால் போவது என்று ஆரம்பித்த சண்டையாம். சண்டை போட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை, மேசைகள் மட்டும் சேரவில்லை.

இவர்களை ஒன்றாக உட்காரவைத்துச் செபம் சொல்லும் ஒரே அன்பியக் குழுவாக்கிக் காட்டுவது என்று மூன்று வருடமாக லூர்துராஜ் கங்கணம் கட்டிக்கொண்டு திரிந்தார். அதற்கு, நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன்தான் வசமாகக் கிடைத்தது. அன்று கோயிலுக்குப் போக எவருக்கும் லீவு கிடைக்காது. பங்குச் சாமியாரையே ஆலைக்கு வரவழைத்துவிட்டால்?

மேனேஜர் பாலசுந்தரம் லேசில் மசியவில்லை.

“பத்து நிமிஷம் தரேன். ஒழுங்கா நடத்திக் காட்டுங்க, அப்புறம் மாசா மாசம் கூடிக்கிங்க. ஏதாச்சும் ரகளைன்னா இதோட சரி.”

“ஊசி விழுற சத்தம்கூட வராது சார்.”

“உள்ள எது வந்தாலும் ஸ்டோர்ஸ்ல எழுதிக் குடுத்துடுங்க. கிறிஸ்துமஸ் கேக்கைக் கேட்டுல நிறுத்திட்டாங்கன்னு மறுபடி எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

லூர்துராஜ் உடனே ஸ்டோர்ஸுக்கு ஓடி ஃபாரம் வாங்கினார். பொருள்: சாம்பல். அளவு: 17. இடம்: கேன்டீன் பின்புறம். நேரம்: புதன் மதியம் ஒன்றரை. முத்து முத்தாக எழுதி நீட்டினார்.

ஸ்டோர்ஸ் வெற்றிச்செல்வி ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். “பதினேழு போதுமா சார்? இருபதாப் போட்டுடுறேனே.”

“மீந்தா கண்ட எடத்துல கொட்ட முடியாதும்மா.”

“அதுவும் சரிதான் சார். எங்கிட்ட குடுத்துட்டீங்கல்ல, கவலைய விடுங்க. டயத்துக்கு வந்துடும்.”

சாமியார் சரியான நேரத்துக்கு வர இந்தப் பெண் எதற்கு உறுதி சொல்கிறாள் என்று அவர் யோசிக்கவில்லை. வேறு மதத்துப் பெண்ணுக்கு எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துதான் போனார்.

புதன்கிழமை மணி ஒன்றரை தாண்டியது. சாமியாரைக் காணோம், போனும் எடுக்கவில்லை. ஒருசந்தி விரதம் இருந்த வயிறுகள் கூவ ஆரம்பித்தன.

“சாமிக்கு வழி சொன்னது யாரு? ஏலாக்குறிச்சிக்காரவங்களா?”

“ஏன், நாங்க வழி சொன்னா சாமி வர்ற பஸ்ஸு ஓடாதா?”

பேக்கிங் பிரிவு டெய்சி சமாதானத்துக்கு வந்தாள். “சாம்பல் வெக்காட்டியும் பரவால்ல சார். தெனமும் இந்த நெத்தியோடதான் வூட்டுக்குப் போறேன். எங்க மாமியாருக்கு என்ன வித்தியாசம் தெரியப் போவுது?”

மாடி ஜன்னலில் பாலசுந்தரம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இன்னும் நாலு நிமிஷம். லூர்துராஜுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்கு விட்டால் இனி ஜென்மத்துக்கும் அனுமதி கிடைக்காது. “அடைக்கல மாதாவே, என் மானத்தக் காப்பாத்தும்மா” என்று முணுமுணுத்தார்.

போன் அடித்தது. கேட் செக்யூரிட்டி.

“சார், உங்க சாம்பல் வந்துருச்சு. அங்கேயே அனுப்பிடட்டுமா?”

“இதெல்லாமாய்யா கேட்டுக்கிட்டு நிப்ப? நேரா உள்ள அனுப்பு!”

சாம்பல் வந்துவிட்டது என்றதும் அத்தனை பேரும் முண்டியடித்து முழங்காலிட்டார்கள். ஏலாக்குறிச்சியும் வரதராஜன்பேட்டையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே வரிசையில். பக்கத்தில் இருப்பது எந்த ஊர் என்று ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று வருடம் பேசிப் பேசி நடக்காதது ஒரு நொடியில் நடந்துவிட்டதே என்று லூர்துராஜ் வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மேனேஜரும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

“எல்லாரும் கண்ண மூடி மனஸ்தாப மந்திரம் சொல்லுங்க. நெத்திய நல்லா நிமித்தி வைங்க, சாமிக்கு நேரமில்ல” என்று சொல்லிவிட்டு லூர்துராஜும் வரிசையின் முதல் ஆளாக முழங்காலிட்டார்.

நெற்றிகள் நிமிர்ந்தன. பின்னால் ஏதோ எஞ்சின் உறுமியது. ஆலையில் எந்த நேரமும் கேட்கிற சத்தம்தான், யாரும் கண்ணைத் திறக்கவில்லை. செருப்புச் சத்தம் ஒன்று நடந்து வந்து லூர்துராஜின் முன்னால் நின்றது.

அவர் கைகளைக் குவித்தார். “எங்கிட்டேருந்தே ஆரம்பிங்க சாமி.”

“மொதல்ல எல்லாரும் கொஞ்சம் எந்திரிச்சுக்கிட்டீங்கன்னா, பதினேழு டன்னையும் கொட்டிட்டு நான் நெய்வேலிக்குத் திரும்பிடுவேன் சார்!”